ஆனை இல்லாத பொய்

ஜனவரி 1, புதன்

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த இந்த டைரியின் முதல் பக்கத்தில், கருப்பட்டிக் காப்பித் தம்ளர் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பினால் அது என் எழுத்துக்கு இழுக்கு.

நான் யார்? கபடி வர்ணனைச் சக்கரவர்த்தி. சுயம்பு சவுண்ட் சர்வீஸ் அதிபர். இரண்டு குழாய் ஒலிபெருக்கிக்கும் ஓர் இருமும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஏகபோக உரிமையாளன். ஏரல் சுயம்புலிங்கம். எனக்குப் பெண் கொடுக்க ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு மாண்டுபோனதால் கல்யாணம் நடக்கவில்லை. ஆகவே மூன்று வேளைச் சாப்பாடும் அக்கா வீட்டில்.

அக்கா என்றால் தங்கபுஷ்பம் டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதில் கபடியில் மாவட்டத்தையே நடுங்க வைத்தவள். திண்டுக்கல்லில் மாநிலப் போட்டி. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போனாள். நடுவர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இவள் அப்போதும் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட மூச்சு.

அந்த மூச்சுக்குள் மார்கழி பிறந்ததிலிருந்து ஓர் இருமல் குடிவந்திருக்கிறது. வறட்டு இருமல். வீட்டுக்கு வெள்ளையடித்த தூசி என்கிறார் அத்தான். அத்தான் பால்துரை பம்புசெட் மெக்கானிக். உலகத்தில் எது நின்றுபோனாலும் அவருக்குக் காரணம் தூசிதான்.

ஜனவரி 9, வியாழன்

சுக்கு, மிளகு, ஆடாதோடைக் கசாயம், தூதுவளைத் துவையல். ஏரல் ஊரில் இருமலுக்கு மருந்து தெரியாதவர்கள் யாராவது உண்டா என்று கணக்கெடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு கன்றுக்குட்டி மட்டும் அகப்பட்டது.

தூத்துக்குடியிலிருந்து அக்கா மகள் ஜோதி போன் செய்தாள். "மாமா, அம்மாவுக்கு அந்தப் பழைய இதா இருக்காதுல்லா?"

பழைய இது என்பது எட்டு வருஷத்துக்கு முந்தியது. இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், ஊசி மருந்து, கரண்ட் என்று ஊர் சொல்லும் கதிர்வீச்சு, பிறகு ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை. மாத்திரை முடிந்த கையோடு அத்தான் சுடலைமாடன் கோயிலில் கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டார்.

"கிடா வெட்டிச் சோறு போட்டு வழியனுப்புன நோயி திரும்பி வருமாட்டி? அதுக்கு ஒரு மானம் மரியாத இருக்காது?" என்றேன்.

ஜோதி சிரித்தாள். நானும் சிரித்தேன். பின்னால் அக்கா இருமினாள்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல் கபடிப் போட்டி. ரிப்பன் வெட்ட ஆயிரம் பேர் வரலாம். ஆனால் தங்கபுஷ்பம் டீச்சர் முதல் விசில் ஊதாமல் எங்கள் ஊரில் ஒரு கால் கோட்டைத் தாண்டாது. இது பழைய வழக்கம்.

"இதோ! ஏழு கடலுக்கு அப்பால் இருப்பவனும் போர்வையை உதறிக்கொண்டு எழப்போகும் விசில்!" என்று மைக்கில் முழங்கினேன்.

அக்கா விசிலை வாயில் வைத்தாள். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினாள். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, முழங்காலில் கையூன்றி நின்றாள்.

நான் இரண்டு விரலை வாயில் விட்டு மைக்குக்குள் ஒரு விசில் அடித்தேன். குழாய் இரண்டும் அலறின. பையன்கள் பாய்ந்தார்கள். கூட்டம் கைதட்டியது. அக்கா மட்டும் திரும்பி என் மேஜையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும்போது, "நல்லா ஊதுனேன், என்னலே?" என்றாள்.

"பிரமாதம்க்கா."

வாசல்படி ஏறும்போது பாதியில் நின்று, பக்கத்திலிருந்த செம்பருத்திச் செடியை ரொம்ப நேரம் ரசித்தாள். செடியில் பூ ஒன்றும் இல்லை.

ஜனவரி 18, சனி

எழுத ஒன்றுமில்லை. ஒலிபெருக்கி ஒயரை எலி கடித்துவிட்டது. எலி ஓர் ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். அக்கா இப்போது உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

ஜனவரி 22, புதன்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டர் ஷமீமா. ஸ்கேன் எடுத்தார்கள். வலது நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது. முதுகில் ஊசி போட்டு இறக்கினார்கள். தாமிரபரணியில் ஏன் தண்ணீர் குறைந்தது என்று அரசாங்கம் தேடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அவ்வளவும் என் அக்காவிடம் இருந்திருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன். இளம் மஞ்சள் நிறம். கொஞ்சம் சிவப்பும் கலந்திருந்தது.

அக்கா உள்ளே படுத்திருந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு ஜோதி வெளியே வந்தாள்.

"நுரையீரல்ல ரெண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டியா இருக்காம் மாமா. அடுத்த மாசம் மூணாந்தேதி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்தாத்தான் என்ன ஏதுன்னு சொல்ல முடியுமாம்."

"நுரையீரலா?" என்றார் அத்தான். "நுரையீரலுன்னா பீடி சிகரெட்டுலல்லா வரும்? புஷ்பம் எங்கன போயி பிடிச்சா?"

சொல்லிவிட்டு என் சட்டைப்பையைப் பார்த்தார். ஜோதியும் பார்த்தாள்.

"சாப்பிட்டு முடிச்சு எங்க வாசல்ல நின்னுதான் ஊதுவீய" என்றாள்.

"வாசல்ல காத்து தெக்க பாத்துப் போகும்லா."

"எல்லா நாளுமா மாப்ள தெக்க பாத்துப் போவுது?" என்றார் அத்தான்.

என்னிடம் ஆயிரம் பதில்கள் இருந்தன. அமைதி காக்கவும் என்று சுவரில் எழுதியிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட சொல்லக்கூடாது" என்றாள் ஜோதி. "போன தடவ பட்டதே போதும். டாக்டர் சொல்லத்தான் செய்யணும்னாவ. நான்தான் ரெண்டு நாள் பொறுங்கன்னு கெஞ்சிட்டு வந்தேன்."

"நான் மறைச்சா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்" என்றார் அத்தான். "மாப்ளைய சொல்லச் சொல்லு. பொய் சொல்ல நம்ம ஜில்லாவுலயே அவன விட்டா ஆளு கெடையாது. ஊதுனவனே பேசட்டும்."

இவ்வாறாக நான் பொய்த்துறை அமைச்சராகப் பதவியேற்றேன்.

திரும்பி வரும்போது ஒரு காக்கை பஸ் ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்து, என் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. பிரிக்காத பாக்கெட். போலீசில் புகார் கொடுப்பதாக இல்லை.

ஜனவரி 23, வியாழன்

அக்கா தோசை சுட்டுக்கொண்டே கேட்டாள். "டாக்டரு என்னலே சொன்னாவ?"

"சளிக்கா."

"சளியா?"

"சளிதான். மாத்திர சாப்பிட்டா சரியாயிரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை கருகியது. அவள் கையால் தோசை கருகி நான் பார்த்ததில்லை. கருகிய பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றப் பாதியை எனக்குப் போட்டாள்.

மாபெரும் வெற்றி. ஒரு துளி சந்தேகம் வரவில்லை. பொய்களின் வரலாற்றில் இந்த நாள் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்படும். என் பாதித் தோசையை வாசல் நாய்க்குப் போட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

பள்ளிக்கூடத்துக் கபடிப் பிள்ளைகள் அக்காவைப் பார்க்க வந்தார்கள். அக்கா தன் ஷூவை ஒருத்திக்குக் கொடுத்தாள். டிராக் சூட்டை இன்னொருத்திக்கு. அலமாரியில் இடம் அடைக்கிறதாம். விசிலை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்க. இப்பம்லாம் உன் மைக்குல இருந்துதான விசிலு வருது."

ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் போட்டுவைத்தேன். கழுவித்தான் கொடுத்திருக்கிறாள், கயிறு இன்னும் ஈரமாக இருந்தது.

சாயங்காலம் ஜோதி வந்து, மூணாந்தேதி ஊசிக்குப் போகவேண்டும் என்று பேச்சை எடுத்தாள்.

"சளிக்கு எதுக்குட்டி ஊசி?" என்றாள் அக்கா. "மாமா சொல்லிட்டாம்லா, மாத்திர போதும்னு."

"இல்லம்மா, ஒரு டெஸ்ட்டு..."

"சளிய எடுத்துப் பாத்து என்னட்டி செய்யப்போறாவ? சளின்னுதான் சொல்லுவாவ. நான் வரல."

ஜோதி என்னை அடுப்படிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "என்னத்தச் சொல்லித் தொலைச்சீய மாமா? ஊசி வைக்காம என்ன நோய்னு தெரியாது. தெரியாம மருந்தே ஆரம்பிக்க மாட்டாவ. அம்மா வரமாட்டேங்காவளே!"

பொய் சொல்லத்தானே என்னை நியமித்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஜனவரி 28, செவ்வாய்

சளியில் ஒரு புது ஜாதி கண்டுபிடித்திருப்பதாகவும் அதை ஊசியால் குத்தினால்தான் மருந்துக்குப் படியும் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"கெடக்கட்டும்லே. எனக்கு ஆடாதோட போதும்" என்றாள்.

பொய்த்துறை அமைச்சர் ராஜினாமாவைப் பற்றி யோசிக்கிறார்.

ஜனவரி 29, புதன்

காலையில் அத்தான் கடைக்குப் போனதும், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இங்கன உக்காரு."

உட்கார்ந்தேன்.

"நான் ஏழாப்பு படிக்கையில எனக்கு அம்மை போட்டுச்சு. நீ தெருவுல போயி என்ன சொன்ன?"

"ஞாபகம் இல்லக்கா."

"எனக்கு இருக்கு. 'எங்கக்கா மேல முத்தா வெளஞ்சு கெடக்கு, குளிச்சு எடுக்கத் தூத்துக்குடியில இருந்து படகு வருது'ன்ன. மார்ல கட்டின்னப்பம் என்ன சொன்ன? 'டாக்டரு கத்தி வச்சாவ, உள்ள இருந்து ஒரு ஆனை தும்பிக்கைய நீட்டுச்சு, கட்டி இழுக்க லாரி வந்துச்சு'ன்ன. எனக்கு முடி கொட்டுனப்பம், 'மொட்ட எங்க போட்டீயன்னு முருகனே வந்து வெசாரிச்சாரு'ன்ன. நான் தையல் பிரிய்ய சிரிச்சேன்."

ஒரு காம்பை உருவிக் கிண்ணத்தில் போட்டாள்.

"இப்பம் என் நெஞ்சுல இருந்து செம்பு செம்பா தண்ணி எடுத்திருக்காவ. நீ வந்து, 'சளிக்கா, மாத்திர சாப்பிட்டா சரியாயிரும்'ங்க. ஒரு ஆனை வரல. ஒரு பூனக்குட்டி கூட வரல. நீ ஆனை இல்லாம பேசுதன்னா, எனக்கு நாள் குறிச்சாச்சுன்னு அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன்."

"இல்லக்கா..."

"பொறவு ஷூவ எதுக்குலே தூக்கிக் குடுத்தேன்? சாகப்போறவள ஊசியால வேற குத்தணுமா?"

என் நாக்கு ஐம்பத்தாறு தேசத்தையும் சுற்றி வந்த நாக்கு. இன்றைக்கு அது உள்ளதை மட்டும் சொன்னது. நுரையீரலில் கட்டிகள், இரண்டு பக்கமும், என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் ஊசி. நாள் ஒன்றும் குறிக்கவில்லை.

"தெரியாதா? டாக்டருக்கேவா?"

"ஊசி வச்சாத்தான் தெரியுமாம். நான் ஊதுன புகைன்னு அத்தான் சொல்லுதாவ."

அக்கா கீரையை நிறுத்தினாள். "ஊதுனவன் நீ. உனக்கு ஒரு தும்மல் கூட இல்ல. எனக்கு மட்டும் வருமா? எந்த ஊரு நியாயம்லே அது?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கும்வரை முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எலும்பு கையில் தட்டியது.

மூச்சு திரும்பியதும் சொன்னாள்: "இன்னமே எங்கிட்ட எதையும் குறைச்சுச் சொல்லாத. கூட்டிச் சொல்லு. ஊரு தாங்காத அளவுக்குக் கூட்டு, எனக்குக் கழிச்சுக்கத் தெரியும். குறைச்சுச் சொன்னா நான் எதைக் கொண்டு கூட்ட?"

கீரையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஊசி வைத்தார்கள். அக்காவே கையெழுத்துப் போட்டாள். ஊசியின் நீளம் ஏரலிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை. நடுவில் இரண்டு இடத்தில் பஸ் நின்றது. இதை உள்ளே போகுமுன்பே அவளிடம் சொல்லிவிட்டேன். சக்கர நாற்காலி தள்ளிய பெண் சிரித்துக்கொண்டே தள்ளினாள்.

வெளியே ஜோதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அம்மாகிட்ட சொன்னதுக்கு உங்க மேல கோவம்தான் மாமா" என்றாள். ஆனால் என் கையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ரிசல்ட். நாலு பேரும் உள்ளே போனோம். அக்கா முன்னால் உட்கார்ந்தாள். பரீட்சைத் தாள் வாங்கப்போகிற பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"டீச்சர், நேரா சொல்லிருதேன்" என்றார் டாக்டர் ஷமீமா. "நுரையீரல்ல இருக்கிறது புதுசா வந்த நுரையீரல் புற்றுநோய் இல்ல. மார்புல வந்ததே அங்க போயிருக்கு."

"கிடா வெட்டுனோமே" என்றார் அத்தான்.

டாக்டருக்குப் புரியவில்லை. ஜோதி அப்பாவின் கையை அழுத்தினாள்.

"அங்கன எப்படிம்மா போச்சு? மாரைத்தான் எடுத்தாச்சே" என்றாள் அக்கா.

"நாம மார்பை எடுக்கிறதுக்கு முன்னாலயே சில செல்லுங்க கட்டியில இருந்து கழண்டு கிளம்பியிருக்கும் டீச்சர். நிணநீர் வழியாவும் போகும், ரத்தத்துலயும் போகும். அப்பம் அது எந்த ஸ்கேன்லயும் தெரியாத அளவு சின்னது. போறதுல முக்காவாசி வழியிலயே செத்துரும். மிச்சத்தைக் கொல்லத்தான் ஊசி மருந்தும் மாத்திரையும் குடுத்தோம். அதுலயும் தப்பிச்சது ஒண்ணு ரெண்டு எங்கயாவது போயி ஒடுங்கித் தூங்கும். வருஷக்கணக்கா. ஏன் முழிச்சுதுன்னு கேட்டா உறுதியா எனக்குச் சொல்லத் தெரியாது."

"நுரையீரலுக்கு எதுக்குப் போகணும்?"

"உடம்பைச் சுத்தி வர்ற ரத்தம் அவ்வளவும் நுரையீரலுக்குப் போயித்தான் ஆகணும். அங்க மயிரிழையை விட மெல்லிசான குழாய், வலை மாதிரி. சிக்கிக்கிடும். எலும்புக்கும் போகும், ஈரலுக்கும் போகும். உங்களுக்கு இப்போதைக்கு நுரையீரல்லதான்."

அக்கா யோசித்தாள். "அப்பம் ஆளு அதே ஆளு. களம்தான் மாறியிருக்கு. ஜெர்சி மாறல."

"அதேதான். அதனாலதான் மார்பு நோய்க்குள்ள மருந்தையே குடுக்கப்போறோம்."

"எந்தம்பி சிகரெட்டுனால இல்லல்லா?"

"இது அதனால வந்தது இல்ல. ஆனா அவர் விட்டுத்தான் ஆகணும், அது வேற கேஸ்."

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"முழுசா போயிருமா?" என்றாள் அக்கா.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "முழுசா போகும்னு சொல்லமாட்டேன். அடக்கி வைக்கலாம். இந்த மாத்திரையில வருஷக்கணக்கா நடமாடிட்டு இருக்கவங்க இருக்காங்க. எல்லாருக்கும் அப்படித்தான்னும் சொல்லமாட்டேன். மூணு மாசத்துல பாத்துருவோம்."

வெளியே வந்ததும் அத்தான் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவரே போய், அவரே காசு கொடுத்து, அவரே தூக்கிக்கொண்டு வந்தார். "மாப்ள, சீனி போதுமா?" என்றார். அவருடைய மன்னிப்பு அவ்வளவு பெரியது. வாங்கிக்கொண்டேன்.

சிகரெட்டைக் கொண்டுபோன காக்கை இன்னும் திருப்பித் தரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "டாக்டரு சொன்னத எனக்கு உன் பாஷையில சொல்லு" என்றாள் அக்கா. வெங்காயத்தை மைக்காகப் பிடித்தேன்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! இதோ, இடது மார்பு அணியிலிருந்து ஒரு திருட்டுப் பயல் கூட்டத்தை விட்டுக் கழன்று ரத்தக்குழாய்ச் சுவரில் கன்னம் வைக்கிறான்! குதித்துவிட்டான்! அவனோடு குதித்தவர்கள் ஒரு கோடி! ரத்த ஆற்றிலே வெள்ளை அணுப் பட்டாளம் எதிரே வருகிறது. அடி! உதை! அத்தனை பேரும் அவுட்! இவன் ஒருவன் மட்டும் பிணத்தோடு பிணமாக மிதக்கிறான். இதோ இதயம்! மெக்கானிக் பால்துரையால் கழற்றி மாட்ட முடியாத ஒரே பம்புசெட்! ஒரே தள்ளில் அவனை நுரையீரலுக்குள் வீசுகிறது. அங்கே வலை! மாட்டினான்! செத்தானா? இல்லை, பெருமக்களே, இல்லை! குழாயை விட்டு நழுவி, ஒரு மூலையில் தலைவரை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். மருந்து வந்து கதவைத் தட்டுகிறது. இவன் மூச்சு விடவில்லை. ஆடுகிற ஆளைத்தான் மருந்து அடிக்கும். தூங்குகிறவனை ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விடும்!"

"நாம கிடா வெட்டுன அன்னைக்கும் அங்கனதான் கெடந்தானா?"

"அங்கனயா கெடந்தான்? எந்திச்சு வந்து நம்ம பந்தியில உக்காந்து ரெண்டு தடவ கொழம்பு வாங்குனான்க்கா!"

அக்கா சிரிக்கவில்லை. உரித்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டியது கூடிப்போயிற்றோ என்று நாக்கைக் கடித்தேன்.

"கறி எனக்கே பத்தாமப் போச்சு" என்றாள் கடைசியில். "இவன்தான் தின்னிருக்கான்."

இரண்டு பேரும் அழுதோம். வெங்காயம். இந்த வருஷத்து வெங்காயம் ரொம்பக் காரம்.

மார்ச் 11, செவ்வாய்

மாத்திரை மூன்று வாரம், லீவு ஒரு வாரம், மாதம் ஓர் ஊசி. வாயெல்லாம் புண். ரத்தத்தில் ஏதோ குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மறுபடியும் நீர் இறக்கினார்கள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"சொல்லுலே ஏதாவது" என்றாள்.

இன்று ஆனை வரவில்லை. வரவில்லை என்று அவளிடமே சொல்லிவிட்டேன். "சரி, அதுவும் சரிதான்" என்று கையை என் பக்கம் நீட்டினாள். அத்தான் அந்தப் பக்கம் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, புதன்

நேற்றுப் போலவே.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா செம்பருத்தியை ரசிக்காமல் படியேறிவிட்டாள். செடியில் இன்றைக்குப் பார்த்து நிறையப் பூ.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஸ்கேன். டாக்டர் ஷமீமா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. நீர் மறுபடி சேரவில்லை.

"குறைஞ்சிருக்கு டீச்சர். போயிடல" என்றார்.

"போயிடல" என்று அக்கா அத்தானைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். "இன்னொரு கிடாவப் பிடிச்சுக் கட்டிராதீய."

அத்தான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். நேற்றே சந்தையில் கிடா பார்த்துவிட்டு வந்தவர் அவர் என்பது எனக்கும் சந்தை வியாபாரிக்கும் மட்டும் தெரியும்.

பஸ்ஸில் அக்கா கேட்டாள்: "கோயில் கொடைக்குக் கபடி உண்டாலே இந்த வருஷம்?"

"உண்டுக்கா."

"விசில வச்சிருக்கியா, எலிக்குப் போட்டுட்டியா?"

மே 18, ஞாயிறு

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. சாயங்காலம் கபடிப் போட்டி. அக்கா அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். ஷூவை வாங்கிப்போன பிள்ளை அதைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "நீயே போடுட்டி, நான் என்ன ஓடவா போறேன்" என்றாள் அக்கா. செருப்போடுதான் கோட்டருகே நின்றாள்.

நான் பெட்டியைத் திறந்து விசிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைச் சேலை முந்தானையில் துடைத்தாள்.

"ஏலே, உன் ரெண்டு வெரலையும் பையில போடு."

"போட்டாச்சுக்கா."

ஊதினாள். பெருமக்களே! அந்த விசிலில் ஏரல் பாலத்தின் ஒரு தூண் இடம் மாறியது. பனைமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. அதில் ஒன்றின் வாயில் பிரிக்காத சிகரெட் பாக்கெட். தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஏதோ கூப்பிடுகிறது என்று நினைத்து நங்கூரத்தை எடுத்துவிட்டது. திருச்செந்தூர் ஆனை தும்பிக்கையைத் தூக்கி ஒரு சல்யூட் அடித்தது. நுரையீரலின் மூலையில் போர்த்திக்கொண்டு கிடந்த பயல் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் சுருண்டான். மைதானத்தில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த நடுவர் ஒருவருக்குப் புரையேறியது.

தூண் பொய். காக்கை பொய், காக்கை என்றைக்குமே பொய்தான். கப்பல், ஆனை, பரோட்டா எல்லாம் பொய். பயல் சுருண்டதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

விசில் சின்னதாகத்தான் வந்தது. பாதியில் கொஞ்சம் உடைந்தது. முன்வரிசையில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது, அவர்களைப் பார்த்துத்தான் பின்வரிசை கைதட்டியது. ஊதி முடித்ததும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் ஆட்டம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

ஆனால் அதை ஊதியது அவள். இந்த டைரியில் இந்த ஒன்றை மட்டும் நம்பலாம். மைக்கை நான் அணைத்து வைத்திருந்தேன்.